எறங்குங்க

உடம்பு இளைக்க வேண்டும் என்று நான் அந்த சைக்கிள் வகுப்பில் சேரவில்லை. அவன் அங்கே போகிறான் என்று தெரிந்ததால் சேர்ந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவன் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகன், நான் லயத்துத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. ஓப்பநாயக்கப் பக்கம் இருவரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. அவனிடம் சைக்கிள் இருந்தது. காலையில் எறக்கத்தில் பறந்துவிடுவான். பின்னேரம் சந்தியிலிருந்து தோட்டம் வரைக்கும் ஏத்தம். அந்த ஏத்தம் முழுக்க அவன் கைவீசி நடப்பான், சைக்கிளை நான் தள்ள வேண்டும். கூலி, எனக்கு ஓட்டச் சொல்லித்தருவது. மூன்று வருசம் தள்ளிய பிறகு கேட்டேன்.

"எப்பங்க சொல்லித் தருவீங்க?"

"லயத்துக்காரனுக்கு ஓட்டம் எதுக்குடா? தள்ளத் தெரிஞ்சாப் போதும்."

ஒரே வயசுதான். அவன் எனக்கு 'டா', நான் அவனுக்கு 'ங்க'. கணக்கப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகளிடம் அப்படித்தான் பேச வேண்டும் என்று அம்மா பழக்கியிருந்தாள்.

எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். இரத்தினபுரியில் ஒரு கந்தோரில் கிளார்க் வேலை கிடைத்தது. அவன் அதே டவுனில் போன் கடை வைத்திருந்தான். கடை பூட்டியதும் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்க்கட்டட மாடிக்கு ஏறுவான். மேலே பத்து சைக்கிள், ஒன்றும் நகராது. ஓட்டத் தெரியாதவனும் ஏறலாம், விழ மாட்டான்.

முதல் நாள், வகுப்பு நடத்துகிற சேர் என் இடுப்பெலும்பு உயரத்துக்கு சீட்டை ஏற்றித் தந்தார். சிங்களவர், பொறுமையான மனுசன். குமிழைத் திருகினால் பாரம் கூடும், அமுக்கினால் சில்லு நிற்கும், சும்மா காலை நிறுத்தினால் சில்லு காலையும் இழுத்துக்கொண்டு போகும் என்று கையால் செய்தே காட்டினார். ஏனென்றால் என் சிங்களம் பஸ்ஸில் படித்த சிங்களம்.

ஏத்தம் என்று சேர் சொன்னதும் பாரத்தைக் கூட்டி, எழுந்து நின்று மிதித்தோம். பிறகு சேர் கத்தினார்: "பல்லம் பஹின்ன!"

'பஹின்ன' என்று கொண்டக்டர் கத்தினால் நாங்கள் இறங்குவோம். நானும் இறங்கிவிட்டேன், சுற்றிக்கொண்டிருந்த சைக்கிளிலிருந்து. மிதிகட்டை வந்து கணுக்காலுக்கு மேலே ஒரு போடு போட்டது. மலை இறங்குகிற மாதிரி பாரத்தைக் குறைத்து மிதியுங்கள் என்பதைத்தான் சேர் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

"என்னடா, பஸ் ஹோல்ட்டு வந்திருச்சா?" அவன் தமிழில் கேட்டுவிட்டு, மற்றவர்களுக்காகச் சிங்களத்திலும் சொன்னான். மாடியே சிரித்தது.

மறுநாளும் போனேன். இரண்டு வாரம் கந்தோர் கதிரையில் ஒருச்சாய்த்துத்தான் உட்கார முடிந்தது. தோளை இறுக்காமல் மிதிக்கவும், தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடிக்கவும் படித்தேன். அதைவிட அவனைப் படித்தேன். ஏத்தம் என்றதும் குமிழைத் திருகுவது போல விரலை மட்டும் அசைப்பான். பாரம் ஏறவே ஏறாது. சேரிடம் சொல்லவில்லை. அவனுக்குப் பக்கத்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். என்ன சொல்வது என்றும் முடிவு செய்திருந்தேன்: "ஹோல்ட்டு வந்திருச்சு, எறங்குடா." குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்ப்பேன்.

மூன்றாம் மாதம் ஒருநாள், யார் கடைசிவரை உட்காராமல் நின்றே ஏத்தம் மிதிக்கிறார்கள் பார்ப்போம் என்று சேர் சொன்னார். அன்று குமிழ்களை அவரே வந்து திருகினார். அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். எனக்கு அது சந்தியிலிருந்து தோட்டத்துக்குப் போகிற ஏத்தம். எந்த முடக்கில் மூச்சு முட்டும், எங்கே விட்டுப் பிடிக்க வேண்டும் என்று என் காலுக்குத் தெரியும். இந்தத் தடவை நான் ஓட்டினேன்.

அவன் காலை நிறுத்தினான். சில்லு நிற்கவில்லை, இழுத்தது. தடுமாறிக் குமிழை அறைந்தான். சேர் அவன் முதுகைத் தட்டி, "மல்லி, பஹின்ன" என்றார். இந்த முறை அதற்கு, தம்பி இறங்கு என்றுதான் அர்த்தம்.

நான் மிதித்தபடியே திரும்பினேன்.

"ஹோல்ட்டு வந்திருச்சு," என்றேன். "எறங்குங்க."

அவனுக்கு விளங்கியது. துவாயை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். அடுத்த வாரம் வரவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் சேர் உட்பட எல்லாரும் நினைக்கிறார்கள். அந்த 'ங்க' என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை.

பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கிற மாதிரி, தினமும் பக்கத்து சைக்கிளில் முகம் துடைக்கிற லேஞ்சியைப் போட்டு வைக்கிறேன். அவன் வரட்டும்.