நோராவுக்கு விழுந்த மாலை

நனைந்த புல் வாசம், கோடு போட்ட சுண்ணாம்புத் தூள் வாசம், மட்டன் ரோல்ஸ் வாசம்... மூன்றும் ஒன்றாக மூக்கில் ஏறினால் எனக்கு நோர்பரிதான் ஞாபகம் வரும்.

லண்டனுக்கு வந்த புதிதில், அங்கே ஒரு ஐரிஷ் கிழவியின் வீட்டில் மேலறையில் வாடகைக்கு இருந்தேன். பெயர் நோரா. ஓய்வுபெற்ற நேர்ஸ், எண்பது வயதைத் தாண்டியவர். நான் மிளகாய் பொரிக்கும் நாட்களில் குடையை எடுத்துக்கொண்டு பேசாமல் வெளியே போய்விடுவார். அந்தக் குணத்துக்கே அவருக்குக் கோயில் கட்டலாம்.

ஒருநாள் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டுப் போட்டிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். பெண் பிள்ளைகளும் ஓடுவார்களா என்று கேட்டார். ஓடுவார்கள் என்றேன். அவ்வளவுதான்... பச்சைக் கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டார்.

எங்கள் போட்டி ஊரில் நடப்பது போலவேதான். இல்லங்களாகப் பிரிந்த பிள்ளைகள், அணிநடை, பாண்ட் வாத்தியம். பிரதம விருந்தினரை வாசலிலேயே மாலை போட்டுக் கூட்டிவர வேண்டும். அன்றைக்கு வரவேண்டியவர் ஒரு பெண் கவுன்சிலர். ஆளை எங்களில் யாரும் முன்பின் பார்த்ததில்லை.

தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் வாசலில் வந்து நின்றால் எங்கள் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? செயலாளர் அண்ணை கையைக் காட்டினார். பாண்ட் முழங்கியது. மாலை விழுந்தது. நான் வாயைத் திறக்குமுன் நோரா மேடையின் நடுக்கதிரையில் இருந்தார். தமிழர் வழக்கம் இதுதானாக்கும் என்று நினைத்து எல்லோருக்கும் கையசைத்தார்.

அணிநடை முடிகிற நேரம் பார்த்து உண்மையான கவுன்சிலர் வந்து சேர்ந்தார்!

அண்ணையின் முகம் வெளிறிவிட்டது. என்னை ஓரமாக இழுத்தார்.

"தம்பி, அப்ப இவ ஆர்?"

"என்ரை வீட்டுக்காரி, அண்ணை."

"ஐயோ... வீட்டுக்காரிக்கோ பாண்ட் அடிச்சனாங்கள்! மெல்லமா எழுப்பிக் கூட்டிக்கொண்டு போ."

எழுப்ப வேண்டி வரவில்லை. நோராவுக்கே விளங்கிவிட்டது. மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மைக்கைக் கேட்டார். மன்னிப்புக் கேட்கத்தான். ஆனால் அதோடு நிற்கவில்லை. அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, நான் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன்.

"நான் சின்னனில ஓடினனான். எங்கட ஊரில அதுக்கு முதல் பொம்பிளையள் போட்டியில ஓடினதில்லை. அண்ணன்ரை வயலில நாங்களே கோடு கீறி, கொஞ்சப் பெட்டையளைச் சேர்த்து ஒரு கிளப் தொடங்கினனாங்கள். காற்சட்டை போட்டு ஓடுறம் எண்டு பாதிரியார் பூசையில வச்சே ஏசினவர். அப்பவும் ஓடினம்."

மைக்கை அவர் வாய்க்கும் என் வாய்க்குமாக மாற்றி மாற்றிப் பிடித்தேன்.

"அரை மைல் ஓட்டத்தில நான்தான் முதல். ஆம்பிளையளுக்குக் கப் குடுத்தவை. எங்கட ஓட்டம் சும்மா பகிடிக்கு வச்சதாம்... மேடையில ஏற விடேல்லை. பேப்பரிலயும் பேர் வரேல்லை. இண்டைக்கு உங்கட பிள்ளையள் ஓடுறதைப் பார்க்கத்தான் வந்தனான். இந்த மாலை எனக்குரியதில்லை."

ஹீட்டரைக் குறைத்து வை என்று தினமும் கத்துகிற இந்தக் கிழவியா? ஒரே கூரைக்குக் கீழ் இருந்தும் எனக்கு ஒன்றும் தெரியாமல் போய்விட்டதே!

அண்ணை விறுவிறுவென்று மேடையில் ஏறினார். எழுப்பப் போகிறார் என்றுதான் நினைத்தேன். மடியில் கிடந்த மாலையை எடுத்து நோராவின் கழுத்தில் திரும்பவும் போட்டார்.

"மாலை போட்ட ஆளை எழுப்பிற பழக்கம் எங்களிட்டை இல்லை. கவுன்சிலர் அம்மாவுக்கு இன்னொரு கதிரை கொண்டுவாங்கோ!"

கவுன்சிலர் நல்ல மனுசி. கதிரை வரும்வரை நின்றபடியே கை தட்டினார்.

பதக்கம் எல்லாம் நோராதான் போட்டுவிட்டார். கடைசிப் பிள்ளையும் இறங்கிய பிறகு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிய அந்த மரப்பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒருதடவை ஏறிப் பார்க்கலாமா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். நான் ஒரு கையையும் கவுன்சிலர் மற்றக் கையையும் பிடித்து ஏற்றிவிட்டோம்.

அண்ணை மைக்கை எடுத்தார். "பெண்களுக்கான அரை மைல் ஓட்டம். முதலாம் இடம்... நோரா!"

மறுபடி பாண்ட் முழங்கியது. நோரா நிமிர்ந்து நின்றார். அவர் அழவில்லை. நாங்கள்தான் அழுதோம்.

இப்போது என் மகள் ஓடுகிறாள். பெரிய ஸ்டேடியம், எலக்ட்ரானிக் டைமிங். அவள் மூச்சு வாங்கி முடியுமுன்பே படமும் பெயரும் வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிடுகின்றன. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

நோரா கண்ணை மூடிக் கனகாலம். போன வாரம் சும்மா அவருடைய பெயரைப் போனில் தேடிப் பார்த்தேன். அவர் ஊர், அந்த ஓட்டம், அந்தக் கிளப்... எதைப் போட்டும் ஒன்றும் வரவில்லை.

அவர் வென்றதை இந்த உலகத்தில் ஒரே ஒரு தடவைதான் அறிவித்திருக்கிறார்கள். அதுவும் தமிழில்.