உடைத்த மாத்திரை

வாயில் போட்ட மருந்தில் எம்புட்டு ரத்தத்துக்கு வந்து சேருது என்று கணக்குப் போடுவதுதான் ராஜபாளையத்தில், ஒரு பார்மசி காலேஜில், நான் எடுக்கிற பாடம். வருஷா வருஷம் போர்டில் எழுதித் தள்ளுகிறேன். அம்மாவுக்குப் புற்றுநோய் முற்றிய பிறகு அந்தக் கணக்கு எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் தம்பி வீட்டில் இருந்தாள். ஆஸ்பத்திரியில் மார்ஃபின் ஊசி போட்டு வலி அடங்கியதும், டாக்டர் அதையே மாத்திரையாக எழுதி வீட்டுக்கு அனுப்பினார். வந்த அன்றைக்கே வலி திரும்பிவிட்டதாம். மூணாம் நாள் பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கிறேன், "ஏசப்பா, ஏசப்பா" என்று முனகிக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள். மாத்திரை டப்பாவைத் திறந்தால் உள்ளே பூராவும் பாதிப் பாதித் துண்டு.

"ஏலே, யாருலே இதை உடைச்சது?"

தம்பி விவசாயி. ஆள்தான் முரடன், மனசு பயந்தாங்கொள்ளி. "நாந்தான். ஊசியில போட்டதைப் போல மூணு மடங்குல்லா எழுதிருக்காக! அம்புட்டையும் கொடுத்து அம்மாவைக் கொல்லச் சொல்லுதியா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஓங்கி ஒண்ணு விட்டிருப்பேன். அம்மா முன்னால் வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன்.

"கம்மாய் மடையில திறந்துவிடுத தண்ணி அம்புட்டும் உன் கடைமடை வயலுக்கு வருதா?"

"எங்க வருது? மேல்வயக்காரன் பாய்ச்சுனது போகத்தான்."

"மாத்திரையும் அப்படித்தாம்லே. குடல்ல இருந்து நேரா ஈரலுக்குப் போகும். ஈரல் பெரும்பங்கை அழிச்சுட்டு மிச்சத்தைத்தான் ரத்தத்துக்கு விடும். ஊசி மருந்துக்கு அந்த அழிமானம் இல்ல. அதான் மாத்திரையில கூட்டி எழுதுதாக. நீ அதையும் பாதியாக்குனா அவளுக்கு என்னலே மிஞ்சும்?"

அவன் நம்பவில்லை. டாக்டருக்குப் போன் போட்டுக் கையில் கொடுத்தேன். அவரும் அதையேதான் சொன்னார். தம்பியே முழு மாத்திரையை அம்மா வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தான்.

முக்கால் மணி நேரம் கழித்து அம்மா காலை நீட்டிப் படுத்தாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. தம்பி தொழுவத்துப் பக்கம் போய் நின்று அழுதான்.

"பாதிதான் தாரான்னு உனக்குத் தெரியாதாம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தெரியாம என்ன? மொத நாளே தெரியும்."

"பொறவு ஏன் கேக்கல?"

"முழுசாக் கேட்டு வாங்கித் தின்னுட்டு நான் கண்ணை மூடிட்டேன்னு வையி, நாமதான் கொன்னுட்டோம்னு ஆயுசுக்கும் மருகுவான்ல. வலிதானே, பொறுத்துக்கிடலாம்னு இருந்துட்டேன்."