ஆறு இருக்கைப் படகில் ஒரு வயர்லெஸ்

சில வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி மாத மாலையில், புதுச்சேரிக் கடலில் நடந்தது இது. கரை கண்ணுக்கெட்டுகிற தூரம்தான். கடற்கரைச் சாலையில் விளக்கு போட்டுவிட்டார்கள் என்பதுகூடப் படகிலிருந்தே தெரிந்தது. ஆனாலும் அன்று திரும்பி வீடு போய்ச் சேர்வேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

படகு எனக்கு எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் உப்பளம் பகுதியில் மின்விசிறி, மிக்சி விற்கிற கடை வைத்திருந்தேன். மனைவி இறந்த மறு வருடமே கடையைக் கைமாற்றிவிட்டேன். ஒரே மகள் பிரான்சில் இருக்கிறாள். வீட்டில் நானும் பிரிட்ஜின் சத்தமும்தான். அந்தச் சமயம் ஊரைவிட்டுப் போகிற ஒருவர் தன் உல்லாசப் படகை விற்பதாகக் கேள்விப்பட்டு வாங்கிவிட்டேன். ஆறு பேர் உட்காரலாம். "இந்த வயசுல இது தேவையா?" என்று தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். மகள் மட்டும் கேட்கவில்லை. லீவுக்குப் பிள்ளைகளோடு வருகிறேன் என்றாள். எனக்கு அது போதும். படகு ஓட்டவும் முறையாகக் கற்றுக்கொண்டேன்.

பிறகு ஆரம்பித்தது சாமான் வாங்குகிற வேலை. பேரப்பிள்ளைகள் வருகிறார்களே! தண்ணீர் பட்டாலும் கெடாத ஸ்பீக்கர் நான்கு, கார்ட்டூன் பார்க்க ஒரு டிவி, போனிலிருந்தே பாட்டுப் போடுகிற பெட்டி என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. பொருத்த வந்தவர் எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்திருப்பவர். அவருக்கும் எனக்கும் தினமும் வாக்குவாதம்தான். "சார், பாட்டு அப்புறம் கேக்கலாம். மொதல்ல வழி காட்டற ஜி.பி.எஸ். திரை, ஆழம் காட்டற கருவி, வயர்லெஸ், இந்த மூணும் போட்டாத்தான் நான் மத்ததத் தொடுவேன்" என்று ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் எல்லாவற்றையும் போட்டோம். ஸ்பீக்கர் வெள்ளையா கறுப்பா என்பதை மட்டும் மகள் வீடியோ காலில் பார்த்துச் சொன்னாள்.

வயர்லெஸ்ஸில் மீனவர்கள் பேசிக்கொள்கிற சேனலை வைத்துக்கொடுத்தார். துறைமுகத்தில் நின்றபடியே பேசிக் காட்டினார், பதிலும் வந்தது. மைக்கை மாட்ட ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு கொக்கியும் அடித்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. சுருள் ஒயரோடு கண் முன்னால் தொங்கிக்கொண்டு, டிவியின் அழகையே கெடுத்தது. அவர் போனதும் மைக்கை எடுத்து, என் இருக்கைக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் வைக்கிற குழியில் இறுக்கிச் செருகிவிட்டேன். கச்சிதமாகப் பொருந்தியது. கடைக்காரப் புத்தி, எதையும் ஷோகேஸ் மாதிரி வைக்க வேண்டும்.

லீவு வந்தது, மகள் வரவில்லை. அலுவலகத்தில் விடுப்பு கிடைக்கவில்லையாம். "பரவாயில்லம்மா, நான் நல்லா இருக்கேன்" என்று சொல்லி போனை வைத்தேன். அன்று மாலை தனியாகவே படகை எடுத்தேன். அதிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து கிளம்பி முகத்துவாரம் தாண்டி, கரை தெரிகிற இடத்தில் இன்ஜினை நிறுத்துவேன். மனைவிக்குப் பிடித்த பழைய பாட்டுகளைப் போடுவேன். பாட்டு முடிந்ததும் அவளோடு பேசுவேன். ஆமாம், வாய்விட்டுத்தான். வீட்டில் பேசினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? கடலில் யார் இருக்கிறார்கள்? குழம்பில் உப்பு கூடிப்போனது, முட்டி வலி, மகள் போன் செய்யாதது, மனைவி இல்லாத கட்டிலில் எனக்குத் தூக்கம் பிடிக்காதது என எல்லாம் சொல்வேன். சில நாள் அழுதும் இருக்கிறேன்.

வயர்லெஸ்ஸை மட்டும் போட்டே வைத்திருப்பேன். யாராவது இரண்டு பேர் பேசுவது காதில் விழுந்தால் போதும் என்கிற ஆசைதான். சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சத்தம் மட்டும் வரவே வராது. இத்தனை பெரிய கடலில் எனக்குக் கேட்கிற மாதிரி பேச ஒரு ஆள்கூட இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பங்குனி மாலையில் திரும்பலாம் என்று இன்ஜினைப் போட்டேன். இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால், யாரோ அறுத்துவிட்ட வலைக்கயிறு, தண்ணீருக்குள் சுழல்கிற இன்ஜின் விசிறியில் கொத்தாகச் சுற்றியிருக்கிறது. நங்கூரம் போட்டேன், பிடிக்கவில்லை. தெற்கிலிருந்து காற்று ஏறிக்கொண்டிருந்தது. ஜி.பி.எஸ். திரையில் என் படகின் சின்னம் ஊரைவிட்டு வடக்கே நகர்ந்துகொண்டே இருந்தது. நான் காசு கொடுத்து வாங்கிய திரை, நான் தொலைந்து போவதைத் தெளிவாகக் காட்டிக்கொண்டிருந்தது.

போனை எடுத்தேன். பட்டறைக்காரர் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவசர எண் எதையும் நான் குறித்து வைத்திருக்கவில்லை. மகளைக் கூப்பிட்டு அவ்வளவு தூரத்தில் இருப்பவளைப் பதற வைக்க மனம் வரவில்லை. போனில் இருந்த பெயர்களை மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தேன். எல்லாம் கடை காலத்துப் பெயர்கள். "கடல்ல மாட்டிக்கிட்டேன், வாங்க" என்று சொல்லக்கூடிய பெயர் ஒன்றுகூட இல்லை. காற்றைவிட அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

வேறு வழியில்லாமல் அந்த ஊமை வயர்லெஸ்ஸின் மைக்கைக் குழியிலிருந்து பிடுங்கினேன். சிவப்பு விளக்கு அணைந்தது. அடுத்த நொடி பெட்டியிலிருந்து மனிதக் குரல்கள் கொட்டின.

"இன்னாடா, இன்னைக்கு இதோட முடிச்சிட்டாரா?"

"அந்தம்மாகிட்ட சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிட்டாரு போல. பாவம்டா."

பேசும்போது மட்டும் அமுக்க வேண்டிய மைக் பொத்தானை அந்தக் குழி அமுக்கியே வைத்திருந்திருக்கிறது. இத்தனை மாதங்களாக நான் போட்ட பாட்டு, என் பேச்சு, அழுகை எல்லாம் அந்தப் பக்கத்துப் படகுகளுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. கடலுக்குள்ளேயே குதித்துவிடலாமா என்று இருந்தது. ஆனால் படகு நகர்ந்துகொண்டிருந்ததே! மானத்தை ஓரமாக வைத்துவிட்டு, பொத்தானை அமுக்கி, "படகு நின்னுபோச்சு, யாராவது வாங்க" என்று சொல்லிவிட்டு விரலை எடுத்தேன்.

"ஐயா, நீங்களா? எங்க இருக்கீங்க? திரையில நம்பர் தெரியுதா? நிதானமாப் படிங்க" என்றது ஒரு குரல்.

பேசிக்கொண்டிருந்தவர்கள் கனகசெட்டிக்குளத்து மீனவர்கள் இருவர், அண்ணன் தம்பி. வருகிற வழியெல்லாம் என்னைப் பேச வைத்துக்கொண்டே வந்தார்கள். இருட்டு முழுசாக விழுவதற்குள் வந்து சேர்ந்துவிட்டார்கள். தம்பி கத்தியோடு தண்ணீரில் இறங்கிக் கயிற்றை அறுத்தார். என்னால் அண்ணன்காரர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "நல்லாக் கேட்டீங்க போங்க! எத்தினி வாட்டி கூப்புட்டிருப்போம்? நீங்க பொத்தானை அமுக்கினே இருந்தா நாங்க பேசறது உங்களுக்கு எப்டிக் கேக்கும்? எந்த போட்டுன்னும் தெரியல. துறைமுகத்துலகூட விசாரிச்சோம். மொதல்ல கடுப்பாத்தான் இருந்திச்சி. உங்களால நாங்க வேற சேனலுக்கு மாறி மாறிப் போனோம். அப்புறம், நீங்க ரெண்டு நாள் வரலன்னா இன்னா ஆச்சோன்னு எங்களுக்கே ஒரு மாதிரி ஆயிடிச்சி."

சொல்லிவிட்டு, கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்: "ஆமா, பொண்ணு போன் பண்ணிச்சா?"

நான் உடைந்து அழுதேன். மனைவி போன பிறகு, வீட்டு விஷயத்தை இப்படி உரிமையாக ஒருவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். முகத்துவாரத்தில் மணல் மேடு எங்கே ஏறியிருக்கிறது என்று காட்டியபடி, துறைமுகம் வரைக்கும் எனக்கு முன்னால் அவர்கள் படகை விட்டுக்கொண்டு வந்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மகளுக்கு நானே போன் செய்தேன். வழக்கமான "நல்லா இருக்கேன்" பாட்டைப் பாடாமல், "நீ எப்படிம்மா இருக்க?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். அவள் வெகுநேரம் பேசினாள். அங்கே அவளும் நன்றாக இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இப்போதும் மாலையில் படகை எடுக்கிறேன். ஐந்து இருக்கைகள் இன்றும் காலிதான், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். டிவியைக் கழற்றிவிட்டேன். மைக் அதன் கொக்கியில் தொங்குகிறது. மனைவியிடம் பேசுவதையும் விடவில்லை, ஆனால் அது இப்போது எங்கள் இருவருக்குள் மட்டும். நடுவில் வயர்லெஸ் கரகரத்து, "ஐயா, சாப்ட்டீங்களா?" என்று கேட்டால், அவளை ஒரு நிமிடம் இருக்கச் சொல்லிவிட்டுப் பதில் சொல்கிறேன். கூப்பிட ஒரு ஆள் இல்லையே என்று நான் அழுத மாலைகளிலெல்லாம் அவர்கள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள்.