ஆறு டஜன் குல்லாய்கள்

ரோடா கிரேபிலுக்குச் சந்தேகம் பிறவிக் குணம். பக்கத்துப் பண்ணையில் வாங்கிய பாலை முகர்ந்து பார்ப்பாள். சபையின் தையல் கூட்டத்தில் மற்றப் பெண்கள் தைத்த ஓரத்தை நகத்தால் இழுத்துப் பார்ப்பாள்.

"வானத்துல இருந்து மன்னா விழுந்தாலும் நீ முகர்ந்து பாத்துட்டுத்தான்டி வாயில வைப்பே" என்பான் கணவன் எர்வின்.

"பாக்காம தின்னவங்கதான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க."

கல்யாணத்துக்கு முன்பு, இருபத்தைந்து வயதில், மிஷனரியாக ஆப்பிரிக்காவின் டாங்கனிக்காவுக்குப் போக அவளும் மனுக் கொடுத்தவள்தான். மிஷன் குழு அவளை விட்டுவிட்டு, பள்ளியில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த எல்வா நிஸ்லியைத் தேர்ந்தெடுத்தது. எல்வா நர்ஸ் படிப்பு முடித்தவள், ரோடா படிக்காதவள். காரணம் அவ்வளவுதான். ரோடா அதை நம்பவில்லை. யாரோ தன்னைப் பற்றி எதையோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்றே ஏழு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

கப்பல் ஏறாதவள் தையல் கூட்டத்துக்குத் தலைவியானாள். அமெரிக்காவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் அவள் அளவுக்கு மாடாய் உழைத்தவர்கள் குறைவு, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஞானஸ்நானம் வாங்கிய பெண்கள் ஜெபத்தில் தலையை மூடிக்கொள்ள, வருடத்துக்கு ஆறு டஜன் வெள்ளை வலைத்துணிக் குல்லாய்களைத் தைக்கவைத்து எல்வாவுக்கு அனுப்புவாள். பெட்டியை ஆணி அடித்து மூடுவதும் அவள்தான். அடுத்தவர் கையில் சுத்தியலைக் கொடுக்கமாட்டாள்.

1953-ல் எல்வா விடுப்பில் வந்தாள். கோடை முழுக்க ஊர் ஊராய்ப் போய்ப் பேசிவிட்டு, கடைசியில் சொந்தச் சபையின் கீழறையில் ஒரு புதன்கிழமை அங்கே எடுத்த விளக்குப்படங்களைச் சுவரில் காட்டினாள். ஆஸ்பத்திரி, கிணறு, ஞாயிறு ஆராதனை. எல்லோரும் உச்சுக் கொட்டிப் பார்த்தார்கள். ரோடா மட்டும் படத்தில் இருந்த பெண்களின் தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தலையில்கூட அவள் அனுப்பிய குல்லாய் இல்லை.

வரும் சனிக்கிழமை ஆலோசனைக் கூட்டம். அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்துக்கு முன்னால் பிஷப் ஒவ்வொருவரிடமும் கேட்பார்: கடவுளோடும் உடன் மனிதரோடும் சமாதானமா? ஒருவர் 'இல்லை' என்றால், அந்த இருவருக்கும் விஷயம் தீரும்வரை திருவிருந்து கிடையாது. திருவிருந்து எடுக்காத மிஷனரியைக் குழு அனுப்பாது. எல்வாவின் கப்பலுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. 'இருக்கட்டும், என் ஒரு வார்த்தை போதும்' என்று ரோடாவுக்குள் ஏதோ சுறுசுறுவென்று ஏறியது.

படம் முடிந்து கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த எல்வாவை அடுக்களையில் பிடித்தாள்.

"நல்லா காட்டினே. ஆனா எல்லாப் பொம்பளைங்களும் கலர் துணியைச் சுத்திக்கிட்டு நிக்கிறாங்களே? நாங்க அனுப்பினதெல்லாம் எங்கடி போச்சு? யாருக்காவது தூக்கிக் குடுத்துட்டியா?"

"பிரிச்சுட்டேன்."

"பிரிச்சியா!"

"தையலைப் பிரிச்சு, ஒண்ணோட ஒண்ணு சேத்து, கொசுவலை ஆக்கினேன். குறை மாசத்துல பொறந்ததுங்களுக்கு. ஒரு தொட்டிலுக்கு இருபத்தேழு குல்லாய் பிடிக்கும்."

"அப்போ வருஷா வருஷம் 'எல்லாம் உபயோகமா இருக்கு'ன்னு எழுதினியே? அதை நான் கூட்டத்துல எழுந்து நின்னு படிச்சேன்!"

"அதைச் சுத்தி வளைச்சுத்தான் எழுதினேன். தப்புதான்."

"துணி வேணும்னா வாயைத் திறந்து கேக்கறதுக்கு என்ன?"

எல்வா கையைத் துடைத்தாள். "கேட்டேன் ரோடா. போன முதல் வருஷமே. கொசுவலைக்கு வேணும், வெட்டாம முழுசா அனுப்புன்னு உனக்குத்தான் எழுதினேன்."

ரோடாவுக்கு அந்தக் கடிதம் வந்தது உண்மை. வெட்டாத வலைத்துணியாம்! கொசுவலையாவது ஒன்றாவது, ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டிக்கொண்டு மகாராணியாட்டம் இருக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தாள். கூட்டத்தில் அதைப் படிக்கவே இல்லை. 'தைத்து அனுப்புவதுதான் எங்கள் வழக்கம்' என்று ஒரு வரி எழுதிப் போட்டாள்.

இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்தேழு என்று எப்படி அவ்வளவு சரியாகச் சொன்னாள்? ஜோடித்த கதையோ? கடிதத்தைப் பற்றி யார் யாரிடம் சொல்லியிருப்பாள்? எர்வினிடம் கொட்டியபோது அவன் ஒன்றே ஒன்று கேட்டான்: "எல்லாம் சரி, அந்தக் கடிதாசை ஏன்டி மறைச்சே?"

சனிக்கிழமை பெண்கள் பக்கம் பிஷப் நோவா ரிஸர் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். ரோடாவின் முறை வந்தது. அவள் மனதில் ஒரு கணக்கு இருந்தது.

"எனக்குச் சமாதானம்தான். ஆனா எல்வாவுக்கு என்னோட சமாதானமான்னு முதல்ல கேளுங்க."

கப்பலைப் பிடிக்க வேண்டியவள், பல்லைக் கடித்துக்கொண்டு 'ஆமாம்' என்றுதான் சொல்வாள். உள்ளுக்குள் கோபத்தை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னால், பொய்க்காரி என்று தெரிந்துவிடும். அதன்பிறகு அந்த இருபத்தேழையும் நம்ப வேண்டியதில்லை.

எல்வா எழுந்தாள்.

"இல்லை" என்றாள்.

"யோசிச்சுச் சொல்லுங்க, சகோதரி" என்றார் பிஷப். "உங்க பயணம் இருக்கு."

"தெரியும், சகோதரரே. முதல் வருஷம் துணி வரல. குல்லாயைப் பிரிக்கலாம்னு எனக்குப் புத்தி வர்றதுக்குள்ள நாலு குழந்தைங்க காய்ச்சல்ல போயிடுச்சு. மன்னிக்கணும்னு தினமும் ஜெபம் பண்றேன். இன்னும் முடியல. சமாதானம்னு சொன்னா பொய்."

எல்வா உட்கார்ந்துவிட்டாள்.

ஏழு வருடத்தில் எல்வா சொன்ன ஒரு சொல்லை ரோடா சந்தேகமே இல்லாமல் நம்பியது அன்றுதான்.