மயில்துத்தம் போடாத பசை

போன வாரம் பேருந்துக்காக நின்றிருந்தேன். பக்கத்துச் சுவரில் ஒருவர் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். வாளியில் காய்ச்சிய மைதாப் பசை. லேசாக அடிப்பிடித்த, இன்னும் சூடு ஆறாத வாசனை. இறந்தவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டியவள், பசையை முகர்ந்துகொண்டு நின்றேன். பேருந்து வந்தது, போனது. மூக்கு யாரையும் கேட்பதில்லை. அது பாட்டுக்கு ஆமத்தூர் தாண்டி, ஓடு வேய்ந்த ஒரு தொடக்கப்பள்ளிக்குப் போய்விட்டது.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. செயல்வழிக் கற்றல் வந்திருந்தது. கரும்பலகை தரைமட்டத்துக்கு இறங்கியது, நாற்காலி மூலைக்குப் போனது. சுவரில் ஓர் ஏணிப் படம்; படிக்கு ஓர் அட்டை. எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அந்த அட்டையை எடுத்துக்கொண்டு பாயில் உட்கார வேண்டும். நானும் பாயில்தான். தலைமையாசிரியர் வாசலில் நின்று, "டீச்சர் எங்கன இருக்காக, பிள்ளைக எங்கன இருக்குன்னு தேடில்ல பாக்க வேண்டியிருக்கு" என்பார். அப்போது எனக்கு அனுபவமும் குறைவு, உயரமும் குறைவு. உயரம் இன்றைக்கும் அப்படியேதான்.

ஒரு வெள்ளிக்கிழமை பெற்றோரைக் கூப்பிட்டு, வாரம் முழுக்கப் பிள்ளைகள் செய்ததையெல்லாம் காட்டுவதாக ஏற்பாடு. எனக்கு அதில் ஒரே ஒரு அம்மாதான் முக்கியம். மாரீஸ்வரி மூன்றாம் வகுப்பு; ஆனால் ஒன்றாம் வகுப்பு ஏணியில் ஒரே படியில் மாதக்கணக்காக நின்றாள். அவள் அம்மா பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர். வேன் ஏறும் இடத்தில் என்னைப் பார்த்தவர், "வெள்ளிக்கிழமை வந்து பாக்கேன் டீச்சர். படிப்பு ஏறலைன்னா தீவாளி முடியுத மட்டும் வீட்ல இருக்கட்டும். குழா உருட்ட ஆளில்ல" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். வெடிக்கான காகிதக் குழாய். அதை வீட்டிலேயே உருட்டிக் கொடுப்பார்கள். சீசனுக்கென்று நின்ற பிள்ளை சீசன் முடிந்து திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை சாண், முழம், அடி. கதவை அளந்தார்கள், ஆட்டை அளந்தார்கள், அது ஓடிவிட்டது. செவ்வாய்க்கிழமை தீக்குச்சி. மருந்து முக்காத வெறும் குச்சி கொண்டுவாருங்கள் என்றால் அந்த ஊரில் பை பையாக வரும். பத்துப் பத்தாகக் கட்டச் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் முக்கால்வாசி வகுப்பு பன்னிரண்டாகக் கட்டி வைத்திருக்கிறது.

"காளிராஜ், பத்துன்னுதானே சொன்னேன்?"

"கட்டுன்னா டஜன்தான டீச்சர்? பத்துப் பத்தாக் கட்டுனா கம்பெனில திருப்பி விட்ருவாக."

டஜனிலும், பன்னிரண்டு டஜன் சேர்ந்த குரோஸிலும் பழகிய விரல்கள். எண்ணித்தான் கட்டியிருந்தார்கள், ஒரு கட்டில்கூடப் பிசகில்லை. அன்றைக்கு அந்த வகுப்பில் பின்தங்கிய ஆள் நான்தான்.

புதன்கிழமை காகித வேலை. செய்தித்தாளை உருட்டி வீடு, வண்டி செய்வது. வீட்டில் அடுப்பில் வைத்துப் பசை காய்ச்சி, தூக்குவாளியில் கொண்டுபோயிருந்தேன். கருகிப்போன அடிப்பகுதியைப் பிள்ளைகள் கண்ணியமாகக் கண்டுகொள்ளவில்லை. மாரீஸ்வரி குனிந்து முகர்ந்தாள். வகுப்பில் வாயே திறக்காதவள் கேட்டாள்:

"மயில்துத்தம் போடலையா டீச்சர்? பூச்சி தின்னுருமே."

"அது விஷம்டி. தெரியாம யாராச்சும் வாயில வச்சுட்டா?"

"நாங்க வைக்க மாட்டோம். நீங்கதான் வச்சிருவீக" என்றான் காளிராஜ்.

அவள் அதற்குள் தொடங்கிவிட்டாள். பென்சிலைத் தாளின் ஓரத்தில் வைத்து, உள்ளங்கையால் ஒரே தள்ளு. குழாய். இன்னொரு தள்ளு, இன்னொரு குழாய். எல்லாம் ஒரே நீளம், ஒரே கனம். மற்றவர்களின் குழாய்கள் மூச்சு விட்டு அவிழ்ந்துகொண்டிருக்க, மாலை மணியடிப்பதற்குள் பாயில் ஒரு பேருந்து நின்றது. ஓட்டுநர் இருக்கைகூட இருந்தது.

வியாழக்கிழமை மதியம் எல்லோரும் தட்டோடு சோற்றுக்கு ஓடிய பிறகு, அவள் மட்டும் அட்டையோடு உட்கார்ந்திருந்தாள். 'பட்டம், வட்டம், கட்டம்' என்று வரிசையாகப் போகும் அட்டை. அவளை மாதக்கணக்காக நிறுத்தி வைத்திருந்தது அதுதான். மேலிருந்து கீழ்வரை, விரல் வைக்காமல், வாசித்து முடித்தாள். முடித்துவிட்டுப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். வெறும் அட்டை.

"அம்புட்டுத்தானா டீச்சர்?"

எனக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

வெள்ளிக்கிழமை அவள் அம்மா அரைநாள் விடுப்பில் வந்தார். குளித்துவிட்டுத்தான் வந்திருந்தார், ஆனாலும் கழுத்து மடிப்பில் வெள்ளித்தூள் மினுங்கியது. மேசை நடுவில் பேருந்து. பக்கத்தில் காளிராஜின் அப்பாவும் இன்னும் நாலைந்து பேரும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்பு அட்டையை வாசித்தது என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? கேட்டால் சிரிப்பார்களே என்று பட்டது. பேருந்தை எடுத்து அந்த அம்மாவின் கையில் கொடுத்தேன்.

"உங்க மக கை மாதிரி இந்தப் பள்ளிக்கூடத்துலயே ஒரு கை இல்லைங்க. எம்புட்டு வேகம், எம்புட்டுச் சுத்தம்!"

அவர் ஒரு குழாயை நகத்தால் சுண்டினார். இன்னொன்றை அழுத்திப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நானே இம்புட்டு இறுக்கமா உருட்ட மாட்டேன் டீச்சர். அதான், நீங்களே சொல்லிட்டீக."

"படிப்பும் வந்துரும்மா" என்றேன். நேற்றே வந்துவிட்டதைச் சொல்ல அப்போதும் வாய் எழவில்லை.

"அது கெடக்கட்டும். கை நல்லாருக்குன்னு சொன்னீகளே, குழா உருட்ட அது போதும்."

அந்த ஏணிப் படத்தின் மேல் பிற்பாடு வெள்ளையடித்தார்களாம். அட்டைகள் எடைக்குப் போயின. பிள்ளைகள் குறைந்து பள்ளியையே பக்கத்து ஊரோடு சேர்த்துவிட்டார்கள். குழாய் உருட்ட இப்போது இயந்திரம் இருக்கிறது, வீடுகளில் அந்த வேலையே இல்லை என்கிறார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா பேருந்தைக் கையில் ஏந்திக்கொண்டு முன்னால் போய்விட்டார். விட்டுப்போன பையை எடுக்க மாரீஸ்வரி மட்டும் திரும்பி ஓடிவந்தாள்.

"திங்கக்கிழமை வந்துருவேல்ல?" என்றேன்.

பையைத் தோளில் மாட்டினாள். செருப்பில் கால் நுழைத்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

"நான் வாசிச்சத நீங்க சொல்லவே இல்லையே டீச்சர்."