நான் பின்னிய சடை

தோள்பட்டை ஆபரேஷனுக்குப் பிறகு என் மனைவியால் கையைத் தூக்க முடியவில்லை. அதனால் சடை பின்னுவது என் வேலை.

இன்று பெரம்பலூரில் டாக்டரிடம் காட்டிவிட்டு குரும்பலூர் பஸ்ஸில் திரும்பினோம். பின்சீட்டுப் பெண் அவளிடம் கேட்டார்.

"சடை அழகா இருக்குக்கா. மக பின்னிவிட்டுச்சா?"

"எங்க வூட்டுக்காரரு."

பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் ஒன்றும் தெரியாதவன் போல ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். நான் பின்னிய முதல் நாள், "வைக்கப்பிரி மாதிரி இருக்குங்க" என்றவள் இவள்தான்.

"டாக்டர் என்னக்கா சொன்னாரு?"

"இனிமே கையத் தூக்கலாமாம். நானே பின்னிக்கலாமாம்."

டாக்டர் இதைச் சொன்னபோது நான் மருந்துக் கடையில் நின்றிருந்தேன். எனக்குப் பக்கென்றது. வேலை போய்விட்டதே!

"ஆனா நான் பின்னமாட்டேன். இவரு பின்னுறதுதான் நல்லாருக்கு."

சடையில் பாஸாகிவிட்டேன். பூ வைக்கத்தான் இன்னும் வரவில்லை. ஹேர்பின்னை எந்தப் பக்கமிருந்து குத்துவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.