வாசற்படியில் ஒரு பெயர்

எங்கள் துக்கத்தைத் தங்கள் துக்கமாக எண்ணி வந்திருக்கும் உங்கள் கைகளில், அக்காவைப் பற்றி நான் நிச்சயமாக அறிந்ததை மட்டும் வைக்கிறேன்.

அக்கா குடிபாலாவில் பிறந்தார்கள். பிறந்த நாள் எதுவென்பதில் வீட்டில் இரு கருத்து உண்டு. அறுப்பின் பண்டிகை ஞாயிறன்று ஞானஸ்நானம் பெற்றார்கள் என்பதில் ஐயமில்லை. எங்கள் அப்பா, நைனா, காலமானபின் சித்தூரில் ஆசிரியையாகி, தமக்கென ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ளாமல், தம்பிகளான எங்களைப் படிக்கவைத்தார்கள்.

சித்தூர் தனி ஜில்லாவான சில ஆண்டுகளில், எங்கள் சபையார் ஏழைப் பெண்களுக்குப் பிரசவ வார்டு கட்டத் தொடங்கினர். நன்கொடை திரட்டும் பொறுப்பு அக்காவுடையது. சுவர்ச் செலவு முழுவதையும் திருப்பதியில் நெல் மண்டி நடத்திய ஓர் இந்து அம்மையார் கொடுத்தார். கூரைக்கும் தருவதாகச் சொல்லியிருந்தார். சபையார் நன்றியோடு அவர் பெயரைக் கல்லில் வெட்டி வாசலுக்கு மேலே பதித்தார்கள். பார்க்க வந்த அம்மையார் அதை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். கூரைப் பணம் வரவில்லை. ஐப்பசி நெருங்கியது, மழை இறங்கினால் மண்சாந்துச் சுவர் நிற்காது.

அக்கா திருப்பதிக்கு ரயிலேறினார்கள்.

“எம் பேர சாமி மாரி மேல ஏத்திட்டீங்களே டீச்சரம்மா! மலைப்படியில காணிக்க குடுத்தவங்க கல்லுல செதுக்குன உருவமா விழுந்து கும்புட்டுக்கினு கெடக்கறாங்க. வர்றவங்க கால் தூசி மேல படணும்னு. நான் ஆசப்பட்டதும் அந்த எடந்தான்.”

“மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா?”

“குடுக்கறவ இங்க வை, அங்க வைன்னா அது தானமா, பேரமா?”

அடிவாரத்துப் படிகளில் அந்த உருவங்களைப் பார்த்துவிட்டு அக்கா திரும்பினார்கள். கல்லை வாசற்படிக்கு இறக்கவேண்டும் என்றதும் சபை மூப்பர் கொதித்தார்.

“குடுத்த மகராசிய மிதிக்கச் சொல்றியா? ஊரே சிரிக்கும்மா!”

“மேல வெச்சது நம்ம மனசு ஆற, ஐயா. அவங்க மனசு கீழதான் ஆறும்.”

இரண்டு ஞாயிறு வாதாடியபின் கல் வாசற்படிக்கு இறங்கியது. மரமும் ஓடும் வந்தன. மழைக்கு முன் கூரை முடிந்தது.

திறப்பு நாளில் முதலாவதாக வந்த கர்ப்பிணி, பெயரைப் பார்த்துத் தூக்கிய காலோடு நின்றுவிட்டாள். அம்மையார் சிரித்தார்.

“மிதிச்சிக்கினு போம்மா. புள்ளையத் தூக்கிக்கினு வரும்போது இன்னொரு வாட்டி மிதி.”

அக்கா கடைசி நான்கு மாதம் படுக்கையில் இருந்தார்கள். இரவும் பகலும் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், கஞ்சி கொண்டுவந்த அண்டைவீட்டாருக்கும், ஜெபித்த போதகருக்கும் எங்கள் நன்றி. அக்காவைச் சுமந்து சென்ற நால்வரும் எங்கள் உறவினர் அல்லர். நால்வரும் அந்த வார்டில் பிறந்தவர்கள். நாங்கள் அழைக்கவில்லை, அவர்களாகவே வந்து தோள் கொடுத்தார்கள். அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.